ஒரே டிவியை மூன்று வீடுகளில் பார்த்த பிலோமினா அக்கா

இதைப் படிப்பவர்கள் தயவுசெய்து வேறு யாரிடமும் காட்டாதீர்கள். எங்கள் பெரியப்பாவுக்குத் தெரிந்தால் எங்களுக்கு வீடு இருக்காது. நாளை காலை கடலூரில் பிலோமினா அக்காவுக்கு இரங்கல் கூட்டம். அங்கே வைக்கும் நோட்டில் ஒட்டுவதற்காகப் பக்கத்து வீட்டுச் செல்வி அக்காவிடம் இந்தத் தாளைக் கொடுத்தனுப்பப் போகிறேன். எல்லோரும் தூங்கிய பிறகு எழுதுகிறேன். பெயர் போடவில்லை.

முந்தாநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது அம்மா கருவாட்டுப் பந்தலுக்குக் கீழே உட்கார்ந்திருந்தார். காக்கைகள் மீனைத் தூக்கிக்கொண்டு போயின. அம்மா விரட்டவில்லை. “அக்கா போயிட்டாங்களாம்டி. சிதம்பரம் பஸ் ஸ்டாண்டுல மயங்கி வுழுந்தவங்க எழுந்திரிக்கலையாம்” என்றார். அன்று காலையில்தான், பஸ்ஸில் போகும்போதே, தார்ப்பாய் காற்றுக்குத் தாங்குகிறதா என்று அக்கா போனில் கேட்டிருந்தார்கள். காலையில் கேட்ட குரல் மதியம் இல்லை என்பது எனக்கு இன்னும் புரியவில்லை.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அக்கா திருப்பாதிரிப்புலியூரில் ஒரு சின்னக் கடன் சங்கத்தில் வேலை பார்த்தார்கள். பாங்க் திருப்பி அனுப்பியவர்களுக்குக் கடன் தருவதற்கென்றே தொடங்கிய சங்கம் அது. சிப்காட்டைத் தாண்டி இருக்கும் எங்கள் குப்பத்தில் யாருக்கும் பட்டா கிடையாது; அதனால் பாங்க் கடனும் கிடையாது. ஏலத்தில் மீன் எடுக்கப் பெரியப்பாவிடம்தான் கை நீட்ட வேண்டும். காலையில் தொள்ளாயிரம் தருவார்; சாயங்காலம் ஆயிரமாக வாங்கிக்கொள்வார்.

நான்கு வருடத்துக்கு முன்னால் கடன் கேட்டவர்களின் வீட்டைப் பார்க்க அக்கா முதன்முதலாக வந்தார்கள். ஒன்றும் இல்லாதவளுக்கு யார் கடன் தருவார்கள் என்று எங்கள் தெருப் பெண்கள் கூடிப் பேசினார்கள். ஒருத்தர் வீட்டு டிவியை, அக்கா வாசல் வழியாக வெளியே போனதும் பின்பக்கமாகத் தூக்கி அடுத்த வீட்டில் வைத்தார்கள். மூன்றாவது எங்கள் வீடு. தூக்கி வந்த செல்வி அக்காவுக்கு மூச்சு வாங்கியது. பிலோமினா அக்கா டிவி மூலையில் ஒட்டியிருந்த பூனை ஸ்டிக்கரைத் தடவிப் பார்த்துவிட்டு, “இதுக்குக் கால் வலிக்கலையா?” என்று கேட்டார்கள். அம்மாவுக்கு அழுகையே வந்துவிட்டது. கடன் போய்விட்டது என்றுதான் நினைத்தார்.

அக்கா தரையில் உட்கார்ந்தார்கள். “இருக்கறத ஏன் காட்டறீங்க? இல்லாதத காட்டுங்க. அதுக்குத்தான வந்திருக்கேன்.”

அம்மா அவர்களை மணலுக்குக் கூட்டிப்போனார். வெறும் மணலில் காயவைத்த மீன், முந்தின நாள் மழையில் புழு வைத்துக் கிடந்தது. அதைப் பார்த்து அக்கா தந்த கடனில்தான் நான்கு பெண்கள் சேர்ந்து மூங்கில் பந்தலும் தார்ப்பாயும் போட்டார்கள். மண் ஒட்டாத கருவாடு என்று இப்போது சிதம்பரம் கடைக்காரரே வண்டி அனுப்புகிறார். எட்டாவதோடு நிற்க வேண்டிய நான் பதினொன்று படிக்கிறேன்.

அக்காவுக்குக் கோபமும் ஜாஸ்தி. எங்கள் கடன் குழுவில் ஒருவர் கடன் பணத்தில் காதுகுத்து வைத்தபோது, பத்திரிகையை வாங்காமலே திரும்பிப் போனார்கள். ஆனால் புயலில் போட் போகாதபோது, கம்மலைக் கழற்றி நீட்டிய அம்மாவைத்தான் திட்டினார்கள். “மாட்டிக்கம்மா மொதல்ல. போட்டு கடலுக்குப் போவாத மாசம் எனக்கும் வசூல் கெடையாது.”

நேற்று அடக்கத்துக்குப் போகப் பெரியப்பா எங்களை விடவில்லை. நாங்கள் இருப்பது அவர் வீட்டின் பின்கட்டு. “அந்தம்மாவே போயிடுச்சி. இனிமே யாரு குடுப்பா? நாளையிலேருந்து எங்கிட்டயே வாங்கிக்க. கூட்டம் கீட்டம்னு போனா அப்படியே போயிடு” என்றார். அம்மா தலையைக் குனிந்துகொண்டு உள்ளே வந்துவிட்டார். எனக்கு அதுதான் பயமாக இருக்கிறது. அம்மா மறுபடி அந்த ஆயிரத்துக்குள் போய்விட்டால், பந்தலும் என் படிப்பும் எத்தனை நாளைக்கு?

செல்வி அக்கா போய் வந்து சொன்னார். நம் மேல் கருவாட்டு வாடை என்று எங்கள் குப்பத்துப் பெண்கள் துக்க வீட்டு கேட்டுக்கு வெளியே நின்றார்களாம். பிலோமினா அக்காவின் வீட்டுக்காரர் வந்து ஒவ்வொருவராகக் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய், பெட்டியின் தலைமாட்டில் நிற்கவைத்தாராம்.

அக்கா, நான் அங்கே நிற்கவில்லை. மன்னித்துவிடுங்கள். நீங்கள் நிம்மதியாக

யாரோ கதவைத் தட்டுகிறார்கள். பெரியப்பாவின் இருமல். அம்மா தூங்கவில்லை போலிருக்கிறது, எழுந்துவிட்டார். என் கையில் இருக்கும் தாளைப் பார்த்தார். “நீ எழுது. காலைல கூட்டத்துக்கு நானே எடுத்துட்டுப் போறேன்” என்று சொல்லிவிட்டுத் தாழ்ப்பாளைத் திறக்க