அரை மூடி மருந்து

செங்கேணி பாம்பை வெறுங்கையால் பிடிப்பான். ஆனால் வாயைத் திறந்து ‘முடியாது’ என்று ஒருவரிடமும் சொல்லத் தெரியாது. உத்திரமேரூரில் யார் வயலுக்கு மருந்து அடிக்கக் கூப்பிட்டாலும் முதுகில் டேங்கை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவான். அப்படிப்பட்டவனைத்தான் எழுபத்தொன்பதாம் வருசம் ஒரு நாவல் மரம் ஆட்டி வைத்தது.

மரம் ரைஸ்மில் முதலாளி சடையப்பன் வீட்டு வாசலில் நின்றது. அவருக்கு நிழல் வேண்டும், அழகு வேண்டும், பழம் மட்டும் ஆகாது. ஆனி வந்தால் வெள்ளைக் காரும் மொசைக் தரையும் கறையாகிவிடும். பூவிலேயே உதிர்க்கிற மருந்து என்று காஞ்சிபுரத்திலிருந்து ஒரு பாட்டில் வாங்கி வந்தார்.

“டேங்குக்கு அஞ்சு மூடி ஊத்தி அடிச்சிடு. இந்த வருசமும் காய்ச்சுதுன்னா மரத்தையே வெட்டிடுவேன்.”

அப்போது செங்கேணியின் பெண்டாட்டி முனியம்மாளுக்கு ஆறு மாதம். இதற்கு முன் இரண்டு பிள்ளைகள் வயிற்றிலேயே போய்விட்டன. இரண்டையும் ஏரிக்கரையில் அவன்தான் புதைத்தான். பிள்ளைத்தாய்ச்சியின் புருசன் எங்கள் பக்கம் பூசணிக்காய்கூட உடைக்க மாட்டான். இவன் பிஞ்சைக் கலைக்க வேண்டுமாம்! மாட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை. அரை மூடி மட்டும் ஊற்றி அடித்துவிட்டு, மீதியை மில் கொட்டகையில் ஒளித்து வைத்தான்.

அந்த வருசம் மரம் காய்த்த காய்ப்பை ஊரே வேடிக்கை பார்த்தது. சடையப்பன் மருந்துக் கடைக்காரரைக் கையோடு கூட்டி வந்துவிட்டார். அவர் செங்கேணியிடம் அளவைக் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

“அரை மூடி ஊத்தினா எப்படிங்க உதிரும்? மாந்தோப்புக்காரங்க காய் நிக்கறதுக்கே அப்படித்தான் அடிக்கிறாங்க. நெறைய ஊத்தினாத்தான் கொட்டும்.”

சடையப்பனுக்கு மூக்குக்கு மேல் கோபம். “கோடாலியை எடுத்துக்கினு வா. நீயே வெட்டு.”

“மாட்டேங்க.” அவன் வாயிலிருந்து அந்தச் சொல்லை அன்றுதான் கேட்டோம். “வூட்ல முழுகாம கீதுங்க. ரெண்டு பூட்ச்சி. இது நிக்கட்டும். அப்பால இன்னா சொன்னாலும் செய்றேன்.”

சடையப்பனின் மனைவி ஆதிலட்சுமி உள்ளிருந்து, “காரைப் பின்னாடி வுட்டா இன்னா கொறஞ்சிப் பூடும்?” என்றாள். கார் பின்பக்கம் போனது. ஆனிக் கடைசியில் முனியம்மாளுக்குப் பெண் பிறந்தது.

அடுத்த பங்குனியில் ஒளித்து வைத்த பாட்டிலோடு செங்கேணி தானாகவே போய் நின்றான். ஐந்து மூடியும் ஊற்றி அடித்தான். சில நாளில் பூவும் பிஞ்சுமாய்க் கொட்டின. குப்பையில் போடச் சொன்னார் சடையப்பன். செங்கேணி போடவில்லை. துண்டில் வாரிக்கொண்டு ஏரிக்கரைக்குப் போய், அந்த இரண்டு பிள்ளைகளுக்குப் பக்கத்தில் குழி தோண்டிப் புதைத்தான். தலை முழுகிவிட்டு வந்துதான் மகளைத் தூக்கினான்.