ஹேண்டில் இல்லாமல் வந்த கார்

யாரிடமும் முதலில் பேச்சுக் கொடுக்க எனக்கு வராது. கடைக்குப் போனால்கூட, கடைக்காரர் என்ன வேண்டும் என்று கேட்கும்வரை ஓரமாக நிற்பேன். நான்காம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுத் தறியில் உட்கார்ந்தவன் நான். தறியில் இருப்பவனுக்குப் பேச்சு அதிகம் தேவைப்படுவதில்லை. அப்படிப்பட்ட நான் ஒரு மோட்டார் காரை விலைக்கு வாங்கினேன், அந்தப் பணத்தின் பேரில் ஒரு மனிதரோடு மனஸ்தாபம் கொண்டேன், கடைசியில் அதே மனிதரால் பிழைத்தேன் என்றால் தெரிந்தவர்கள் நம்ப மாட்டார்கள். ஆனாலும் நடந்தது அதுதான்.

இப்போது நடக்கும் உலகச் சண்டைக்குச் சில வருஷங்கள் முந்தைய கதை. ராசிபுரத்தில் எங்களுக்கு இரண்டு தறி. நூல் விலை ஏறிக்கொண்டே போக, புடவையை எடுப்பார் இல்லாத நேரம். என் மனைவியின் தம்பி சேலத்தில் ஒரு பஸ்ஸுக்கு டிரைவராக இருந்தவன், வேலையை விட்டுவிட்டு எங்கள் வீட்டில் வந்து தங்கியிருந்தான். அவன்தான் ஆரம்பித்தான்.

"மாமா, மாப்பிள்ளை அழைப்புக்குக் காரு வேணும்னு இந்த ஊர்க்காரங்க சேலத்துல போயிக் கெஞ்சுறாங்க. நம்மகிட்ட ஒண்ணு இருந்தா நான் ஓட்டுறேன். தறியும் இருக்கட்டும், இதும் இருக்கட்டும்."

நான் தறியில் நாடாவை இப்படியும் அப்படியும் ஓட்டிக்கொண்டிருந்தேன். என் மனைவி, "காருக்குப் பணம் உன் பஸ் மொதலாளி தருவாரா?" என்று கேட்டாள். ஆனாலும் நான்கு நாள் கழித்துத் தன் வளையல்களையும் அட்டிகையையும் ஒரு மஞ்சள் துணியில் முடிந்து என் பக்கத்தில் வைத்தவளும் அவள்தான்.

கார் சங்ககிரிக்குப் பக்கத்தில் ஒரு பண்ணையக்காரரிடம் இருந்தது. மேலே துணிக்கூரை போட்ட பழைய வண்டி. ஏற்காட்டில் காப்பித் தோட்டம் வைத்திருந்த ஒரு துரையிடம் அவர் வாங்கியது. நாங்கள் போனபோது அது மாட்டுக் கொட்டகையில், இரண்டு காளைகளுக்கு நடுவில் நின்றது. ஒரு காளை அதன் விளக்கை நக்கிக்கொண்டிருந்தது.

பண்ணையக்காரர் பெரிய உடம்புக்காரர். பேச்சும் சத்தமாகவே வரும். முன் மூடியைத் தூக்கிப் பிடித்து, "பல்லப் பாத்துக்கங்க தம்பி. சுழி ஒண்ணும் தப்பில்லீங்க. தீனி மட்டுந்தான் சாஸ்தி" என்றார். மச்சினன் சிரித்தான். அவர் சிரிக்கவில்லை. "ஒரு கொறை உண்டுங்க, மறைக்க மாட்டேன். பட்டன அமுக்குனாக் கெளம்பாது. ஏண்டிலு போட்டாத்தான். ஒரே சுத்து, கெளம்பீரும்."

வண்டியின் மூக்கருகில் ஹேண்டிலை, ஒரு வளைந்த இரும்புக் கம்பியை, மாட்டி அவரே சுற்றிக் காட்டினார். சொன்னபடியே ஒரே சுற்றில் வண்டி உறுமியது. காளைகள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவற்றுக்குப் பழகிப்போயிருந்தது.

நானூறு ரூபாய்க்கு முடிந்தது. பாதியைக் கையில் கொடுத்துவிடுவது, மீதியை ஆவணி முகூர்த்தங்கள் முடிந்ததும் கொடுப்பது. வெற்றிலை மாற்றிக்கொண்டோம். எழுத்து எதுவும் இல்லை.

ஒரு நல்ல நாள் பார்த்து அவரே வண்டியை எங்கள் வீட்டுக்கு ஓட்டி வந்தார். தெருவே கூடியது. அவர் வண்டியைக் கிழக்கு முகமாகத் திருப்பி நிறுத்தி, இறங்கி, அதன் நெற்றியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். என் மனைவி ஆரத்தி எடுத்தாள். மோர் குடித்தார். புறப்படும்போது துண்டில் எதையோ சுற்றி அக்குளில் இடுக்கியிருந்தார். அதை நான் பார்த்தேன். அது என்ன என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. "வாரேனுங்க" என்று பஸ் ஏறிப் போய்விட்டார்.

மறுநாள் காலையில் மச்சினன் வண்டியைக் கிளப்பப் போனான். ஹேண்டில் இல்லை. இருக்கைக்கு அடியில் தேடினான், தறிக்குழிக்குள்கூட இறங்கித் தேடினான். அப்போதுதான் எனக்கு அந்தத் துண்டு ஞாபகத்துக்கு வந்தது. அவர்களிடம் சொன்னேன்.

"ஈடா எடுத்துக்கிட்டுப் போயிருக்காரு மாமா" என்றான். "மீதிப் பணம் குடுத்தாத்தான் ஏண்டிலு. அப்படித்தானே?"

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. மாற்றிய வெற்றிலையின் ஈரம்கூட இன்னும் காயவில்லை, அதற்குள் நம்பிக்கை இல்லை என்றால் என்ன அர்த்தம்? சங்ககிரிக்குப் போய்க் கேட்டுவிட்டு வருகிறேன் என்று மச்சினன் சொன்னதற்கு வேண்டாம் என்றேன். வேறு ஒன்று அடித்து வாங்கலாமா என்றதற்கும் வேண்டாம் என்றேன். நம் வண்டியின் சாமான் அது, எடுத்துப் போனவருக்கே கொண்டுவந்து கொடுக்கத் தெரியும் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். அவர் கொண்டுவந்து கொடுத்தால் பணமும் வரும். இதையெல்லாம் மனசுக்குள்தான் சொன்னேனே தவிர, வாய்விட்டு ஒருவரிடமும் சொல்லவில்லை.

வண்டியைத் தள்ளித்தான் கிளப்ப வேண்டியிருந்தது. மச்சினன் எங்கே போனாலும் மேட்டில்தான் நிறுத்துவான். முதல் கல்யாணத்தில் கோயில் வாசல் சமதரையாக இருந்தது. மாப்பிள்ளை மாலையோடு ஏறி உட்கார்ந்தாயிற்று. வண்டி கிளம்பவில்லை. பெண் வீட்டார் தள்ளினார்கள், பிறகு மாப்பிள்ளை வீட்டாரும் தள்ளினார்கள். தவில்காரர் தவிலைக் கழற்றிப் பூசாரியிடம் கொடுத்துவிட்டு வந்து தோள் கொடுத்தார். யாரோ ஒருவர், "மாப்பிள்ள, நீங்களும் எறங்குனா வெயிட்டுக் கொறையும்" என்றார். கூட்டம் சிரித்த சிரிப்பில் மாப்பிள்ளையின் தகப்பனாருக்குக் கோபம் வந்து, பேசிய வாடகையில் பாதியைத்தான் கொடுத்தார். அதோடு எங்கள் வண்டிக்குத் தள்ளுவண்டி என்று பேர் விழுந்தது. ஆவணி முகூர்த்தங்கள் எங்கள் வாசலைத் தாண்டிச் சேலத்துக் கார்களுக்கே போயின.

ஆவணி முடிந்தது. பண்ணையக்காரர் பஸ் கண்டக்டர் ஒருவரிடம் சொல்லி அனுப்பினார்: பணத்தை எப்போது வந்து வாங்கிக்கொள்ளலாம்? நான் கண்டக்டருக்குத் தலையை மட்டும் ஆட்டினேன். அந்தத் தலையாட்டலை அவர் அங்கே போய் எப்படிச் சொன்னாரோ. புரட்டாசியில் மறுபடி ஆள் வந்தது. அப்போதும் நான் ஒன்றும் சொல்லவில்லை. கொடுக்கப் பணமும் இல்லை. வளையலும் அட்டிகையும் அடகுக் கடையில் வட்டி தின்றுகொண்டிருந்தன. மனைவியின் வெறுங்கையைப் பார்க்க என்னால் முடியாது. சாப்பிடும்போது குனிந்தே சாப்பிடுவேன்.

புரட்டாசிக் கடைசியில் ஒரு நாள் காலை அவரே வந்துவிட்டார். அவர் வந்த சவாரி வண்டியின் பின்னால் வேறொரு ஜோடி உழவு மாடுகள் கட்டியிருந்தன. இறங்கியதும் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த மாடுகளை அவிழ்த்து, நுகத்தடி பூட்டி, வடக்கயிற்றைக் காரின் முன் அச்சில் கட்ட ஆரம்பித்தார். தெரு முழுக்க வெளியே வந்து நின்றது. நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கார் போனால் கொடுத்த இருநூறும் போனதுதான், இருநூறு போனால் நகையும் போனதுதான். தெரிந்தும் வாயைத் திறக்க முடியவில்லை.

மச்சினன்தான் போய், "என்னங்க பண்றீங்க?" என்றான்.

"கண்ணு தெரியலீங்களா? எம்பட வண்டிய ஓட்டிக்கிட்டுப் போறேன். பணங் குடுக்காதவனுக்கு வண்டி எதுக்குங்க? ஆள் உட்டா ஒரு பதிலில்ல. ஊமையாட்டம் தலைய ஆட்டுனா என்னங்க அர்த்தம்?"

அப்போது என் மனைவி பாவுநூலை அப்படியே போட்டுவிட்டு வெளியே வந்தாள். எனக்குப் பேச்சு வராத இடத்திலெல்லாம் அவளுக்கு வரும்.

"ஏனுங்கண்ணா, மாட்ட எதுக்குப் பூட்டறீங்க? அக்குள்ள இடுக்கிக்கிட்டுப் போனீங்களே, அந்த ஏண்டிலப் போட்டுச் சுத்திக் கெளப்பிக்கிட்டுப் போங்களேன்!"

அவர் கயிற்றைக் கட்டுவதை நிறுத்தினார்.

"அது எதுக்குங்க அம்மணி இங்க?"

"எதுக்கா? அது இல்லாம வண்டி எப்படிங்க ஓடும்? ஓடாத வண்டிக்குப் பணம் எங்கிருந்து வரும்? நம்பிக்கை இல்லீன்னா வாங்கயிலயே சொல்லியிருக்கலாமுங்களே. எஞ் சாமானத் திருடனாட்டம் துண்டுல சுத்தி எடுத்துக்கிட்டுப் போகோணுமா?"

அவர் முகத்தில் கோபம் போய் வேறு ஏதோ வந்தது. "திருடனாட்டமா?" என்று மெதுவாகக் கேட்டார். "அம்மணி, மாட்ட வித்தா ஆராச்சும் கயித்த உடுவாங்களா? மாடு போலாமுங்க, கயிறு போகப்படாது. கயித்தோட போனா ஊட்டு லச்சுமியே போயிரும். வாங்கறவங்க புதுக்கயிறு கொண்டாந்து மாத்திக்கறதுதானுங்க மொறை. நீங்க புது ஏண்டிலு அடிச்சு வெச்சிருப்பீங்கன்னில்ல நெனச்சேன்!"

என் மனைவி அவரையும் காரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"எங்க ஊட்ல மாடு இல்லீங்கண்ணா. தறிதான். தறிய வித்தா நாடாவையும் சேத்துத்தான் குடுப்போம். நாடா இல்லாத தறிய வெச்சு ஆரு என்ன பண்றது?"

அவர் காரின் படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். வண்டி ஒரு பக்கம் சாய்ந்தது. உட்கார்ந்தவர் சிரிக்க ஆரம்பித்தார். வயிறு குலுங்கி, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார்.

"இத வாங்கயில அந்தத் தொரையும் ஏண்டிலோடதான் குடுத்தாருங்க. பாவம், வெள்ளக்காரருக்கு மொறை தெரியலயேன்னு திருச்செங்கோட்டு ஆசாரிகிட்டப் புதுசு அடிச்சுக்கிட்டு, அவரு ஏண்டில அவருகிட்டயே மலையேறிப் போயிக் குடுத்துட்டு வந்தேன். அந்த மனுசன் கையில வாங்கிக்கிட்டு என்னையே பாத்துக்கிட்டு நின்னாருங்க. இப்பத்தான் புரியுது, எதுக்குப் பாத்தாருன்னு!"

தெருவே வெடித்துச் சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்தது. எத்தனையோ நாளுக்குப் பிறகு வந்த சிரிப்பு.

பிறகு அவர் எழுந்து என்னிடம் வந்தார். குரல் தணிந்திருந்தது. "தம்பி, அன்னைக்கே ஒரு வார்த்த கேட்டிருக்கலாமுங்களே." நான் தலையை ஆட்டினேன். "மறுபடியும் தலைய ஆட்டறீங்களே!" என்று என் தோளில் ஒரு தட்டுத் தட்டினார். அந்தத் தட்டு இன்றும் எனக்கு மறக்கவில்லை.

பழைய ஹேண்டிலை அவர் தரவில்லை. அது வீட்டை விட்டுப் போகக்கூடாது என்பதில் மாற்றமே இல்லை. பத்து நாளில் அதே ஆசாரியிடம் புதிது ஒன்று அடித்து எடுத்து வந்தார். கூலி கொடுக்கப் போனேன், வாங்க மறுத்தார். கொஞ்சம் யோசித்துவிட்டு, "புதுக்கயிறு வாங்கறவங்க செலவுங்க. ஒரு ரூபா குடுத்துப் போடுங்க. மொறை மொறையா இருக்கட்டும்" என்று வாங்கி மடியில் முடிந்துகொண்டார். மீதிப் பணத்துக்கு, "ஏர் பூட்டாத மாட்டுக்கு எவன் தவணை கேப்பான்? தை பொறக்கட்டும்" என்றார்.

ஐப்பசியிலும் கார்த்திகையிலும் நல்ல முகூர்த்தங்கள். ஒரே சுற்றில் கிளம்பும் வண்டியைப் பார்க்கவே சிலர் வந்தார்கள். தவில்காரர் ஒரு கல்யாணத்தில் எங்களைப் பார்த்ததும் தவிலைக் கழற்றப் போவதுபோல் பாவனை செய்தார். வளையல்கள் முதலில் வீடு திரும்பின. அட்டிகை இருக்கட்டும், முதலில் அண்ணன் பணத்தைக் கொடுங்கள் என்று மனைவி சொல்லிவிட்டாள்.

மாட்டுப் பொங்கலன்று மூன்று பேரும் அந்தக் காரிலேயே போனோம். இருநூறு ரூபாயையும் அவர் கையில் வைத்தேன். நிதானமாக இரண்டு தடவை எண்ணிப் பார்த்துக்கொண்டு, சரியாக இருக்கிறது என்றார். பிறகு கொட்டகைக்குக் கூட்டிப் போனார். சுவரில் வரிசையாக முளை அடித்து, இதுவரை அவர் விற்ற மாடுகளின் தலைக்கயிறுகள் தொங்கின. ஒவ்வொன்றுக்கும் மஞ்சளும் குங்குமமும் வைத்திருந்தது. கடைசி முளையில் எங்கள் ஹேண்டில். அதற்கும் மஞ்சள், அதற்கும் குங்குமம், ஒரு கொத்து ஆவாரம்பூ. ஈடாக வைத்த பொருள் என்று இதையா நினைத்தோம் என்று இருந்தது. என் மனைவி கும்பிட்டாள். நானும் கும்பிட்டேன்.

சாப்பிட்டுவிட்டு வெளியே வந்தால், வாசலில் நின்ற காருக்கும் அவர் வீட்டம்மாள் பொட்டு வைத்துக்கொண்டிருந்தார். "வித்த மாடு ஊடு தேடி வந்திருக்குது, சும்மா அனுப்பலாமுங்களா?" என்றார். புறப்படும்போது ஹேண்டிலை மச்சினனிடமிருந்து பிடுங்கிப் பண்ணையக்காரரே சுற்றினார்.

அட்டிகை அந்தப் பங்குனியில் திரும்பியது. சண்டை வந்து பெட்ரோலுக்குப் பங்கீடு வரும்வரை அந்தக் கார் எங்களுக்குச் சோறு போட்டது. பண்ணையக்காரர் இப்போது இல்லை. அவர் கை பட்ட தோளோடு நான் இருக்கிறேன்.

போன மாதம் ஒருவர் வந்து, பெட்ரோலுக்குப் பதில் கரிப்புகையில் ஓடும்படி மாற்றிக்கொள்கிறேன், வண்டியைக் கொடுங்கள் என்று கேட்டார். சேலத்தில் ஜவுளி வியாபாரம் செய்பவர், மாடு வைத்துப் பழக்கம் இல்லாதவர். அவர் விலை என்ன என்று கேட்பதற்குள் நானே வாயைத் திறந்தேன்.

"வண்டி உங்களுதுங்க. ஏண்டிலு மட்டும் எங்க ஊட்லயே இருக்கும். புதுசு ஒண்ணு அடிச்சுத் தந்துட்டுத்தான் வண்டிய உடுவேன்."

அவர் ஏன் என்று கேட்டார். உட்காரச் சொல்லி, முதலிலிருந்து சொன்னேன். உள்ளே தறிச் சத்தம் நின்றுவிட்டது. நான் இவ்வளவு நேரம் பேசி என் மனைவி கேட்டதில்லை.