மைக்கில் சொன்ன பெயர்

1. மாறி வந்த பெட்டி

எழுபதுகளில் கிருமாம்பாக்கத்துக்குப் பக்கத்தில் ஒரு டூரிங் கொட்டகையில் நான் ஆப்பரேட்டராக இருந்தேன். ஆப்பரேட்டர் என்றால் படம் ஓட்டுவது மட்டும் இல்லை. கடலூர் ரோட்டில் பஸ்ஸில் வரும் படப்பெட்டியை இறக்குவது, அறுந்த பிலிமை ஒட்டுவது, மைக்கில் விளம்பரம் சொல்வது எல்லாம் என் தலையில்தான். எனக்குக் குரல் நன்றாக இருக்கும் என்று ஊரில் சொல்வார்கள். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் பெட்டியைத் திறந்தால் உள்ளே வேறு படம். நாங்கள் கேட்டிருந்தது சாமி படம். வந்திருந்தது இங்கிலீஷ் படம், அதுவும் கறுப்பு வெள்ளை. காலையிலேயே வண்டி கட்டி ஊர் ஊராகப் போய்ச் சாமி படம் என்று சொல்லியாகிவிட்டது. பெட்டி அனுப்பிய ஆபீசுக்கு ட்ரங்க் கால் போட்டால் லைன் கிடைக்கவில்லை. முதலாளி புகையிலையை வாயில் அடக்கிக்கொண்டு பெட்டியையே பார்த்தார்.

"இது இன்னா படம்னு தெரியுமாடா ஒனக்கு?"

"தெரியும் மொதலாளி. பாண்டியில அசிஸ்டென்டா இருந்தப்போ ஓட்டியிருக்கேன். கல்யாணக் கதை, ஆள் மாறாட்டம். நல்லா சிரிப்பு வரும். ஆனா நம்ம ஜனத்துக்கு பாஷை புரியாதே."

"அப்ப சவுண்ட கொறச்சிட்டு நீ மைக்ல கதைய சொல்லிகினே ஓட்டு. ஜனம் எழுந்து போவாம பாத்துக்க. அவ்ளோதான்."

2. சிரிப்பு

கதை சிக்கலானது ஒன்றும் இல்லை. கல்யாணம் நிச்சயமான ஒரு பெண் மாப்பிள்ளை ஊருக்கு ரயில் ஏறிப் போகிறாள். வழியில் மழை பெய்து ரயில் நின்றுவிடுகிறது. தங்கப் போன ஓட்டலில், பக்கத்தில் நின்ற யாரோ ஒருவனை அவள் புருஷன் என்று நினைத்து ஓட்டல்காரன் ஒரே ரூமைக் கொடுத்துவிடுகிறான். வெளியே சொல்ல முடியாமல் இரண்டு பேரும் புருஷன் பெண்டாட்டியாக நடிக்கிறார்கள். கடைசியில் அவனையே கட்டிக்கொள்கிறாள்.

முதல் ரீலில் வெள்ளைக்காரப் பெயர்களை அப்படியே சொல்லிக்கொண்டு போனேன். தரை டிக்கெட்டில் ஒருவன் எழுந்து நின்று, "இன்னாபா சொல்ற, ஒரு எழவும் புரியல" என்றான். இரண்டு பேர் துண்டை உதறிக்கொண்டு கிளம்பினார்கள்.

அப்போது திரையில் அந்தப் பெண் கைப்பையை மாட்டிக்கொண்டு, குடையைப் பிடித்துக்கொண்டு விறுவிறு என்று நடந்து வந்தாள். எங்கள் ஊர் பால்வாடியில் டீச்சராக இருந்த வசந்தாவும் தினமும் கைப்பையும் குடையுமாக அப்படித்தான் நடப்பார். யோசிக்கவே இல்லை. "அதோ வராங்க பாருங்க நம்ம வசந்தா டீச்சர்" என்று சொல்லிவிட்டேன்.

கொட்டகை அதிர்ந்தது. கிளம்பினவர்கள் திரும்பி வந்து உட்கார்ந்தார்கள். அதற்குப் பிறகு என்னைப் பிடிக்க ஆள் இல்லை. ரயில் பாண்டி ரயில் ஆனது. ஓட்டல், பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருக்கும் லாட்ஜ் ஆனது. "பால்வாடிக்கு லீவு லெட்டர் குடுத்துட்டு டீச்சர் எங்க வந்து தங்கியிருக்காங்க பாருங்க" என்றேன். பெண்கள் பக்கத்திலிருந்துகூடச் சிரிப்பு வந்தது. இருபத்தைந்து வயதில் அப்படி ஒரு சிரிப்பைக் கேட்டால் தலைகால் புரியாது.

எங்களிடம் இருந்தது ஒரே மிஷின். ரீல் முடிந்தால் விளக்கைப் போட்டுவிட்டு அடுத்த ரீலை மாட்ட வேண்டும். அப்படி மாட்டிக்கொண்டிருந்தபோது, சேர் டிக்கெட்டில் இருந்த வெளியூர்ப் பெரியவர் ஒருவர் கேபின் பக்கம் வந்தார். வெள்ளை வேட்டி, நெற்றியில் விபூதி.

"தம்பி, நீ சொல்ற டீச்சர் நெசமாவே இந்த ஊர்ல இருக்கறாங்களா?"

"இருக்காங்களே."

"லாட்ஜு, கீட்ஜுன்னியே. அதுவும் நெசமா?"

கேபினைச் சுற்றி நாலைந்து பையன்கள் நின்று என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் சிரிக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. "ஊருக்கே தெரியுங்க, உங்களுக்குத்தான் தெரியல" என்றேன். பையன்கள் சிரித்தார்கள். பெரியவர் சிரிக்கவில்லை. அடுத்த ரீல் பாதியில் நான் பார்த்தபோது அவர் சேர் காலியாக இருந்தது.

3. ஒரு வார்த்தை

எங்கள் பக்கத்தில் பெண் பார்த்துப் பிடித்துப்போனாலும் உடனே தாம்பூலம் மாற்றிவிட மாட்டார்கள். மாப்பிள்ளை வீட்டிலிருந்து ஒருவர் சொல்லாமல் கொள்ளாமல் பெண்ணின் ஊருக்கு வருவார். டீக்கடை, சைக்கிள் கடை என்று உட்கார்ந்து, குடும்பம் எப்படி, பெண் எப்படி என்று பேச்சோடு பேச்சாக விசாரிப்பார். இது எனக்குத் தெரியாத விஷயம் இல்லை. என் அக்காவுக்கும் அப்படித்தான் வந்து விசாரித்தார்கள்.

அந்தப் பெரியவர் கரியமாணிக்கத்திலிருந்து வந்தவர், வசந்தா டீச்சரைப் பெண் பார்த்துவிட்டுப் போன மாப்பிள்ளையின் தாய்மாமன். விசாரிக்க வந்தவர், கடைசி பஸ் வரைக்கும் பொழுது போகட்டும் என்று கொட்டகைக்குள் வந்திருக்கிறார்.

திங்கட்கிழமை காலையில் நான் பிலிம் ஒட்டிக்கொண்டிருந்தபோது வசந்தா டீச்சர் வந்தார். குடையை மடக்கி வைத்துவிட்டு நின்றுகொண்டே பேசினார்.

"அண்ணே, நேத்து எனக்கு தாம்பூலம் மாத்தறதா இருந்துது. அவங்க வரல. அப்பா போயி கேட்டதுக்கு, கொட்டாய்க்காரனே சொன்னான்றாங்க."

"வெளையாட்டுக்கு சொன்னேம்மா" என்றேன்.

"தெரியும்ணே. நாங்க இல்லன்னு சொன்னா, பெத்தவங்க அப்பிடித்தான் சொல்லுவாங்கன்றாங்க. சொன்ன ஆளு நீங்க. நீங்க வந்து இல்லன்னு ஒரு வார்த்த சொன்னா போதும். இன்னிக்கே போனா நல்லது."

சாயங்காலம் வருகிறேன் என்றேன். போகவில்லை. முதலாளியிடம் சொன்னபோது, "லைசென்ஸ் புதுப்பிக்கிற நேரம். நீ போயி ஒத்துக்கினா கொட்டாய் பேர் கெட்டுப்போவும். தானா ஆறிடும், விடு" என்றார். அவர் தடுத்தார் என்றுதான் பல வருஷம் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். அது பொய். அவர் அப்படிச் சொன்னதும் எனக்கு நிம்மதியாக இருந்தது. நாலு பேர் முன்னால் கை கட்டி நின்று, நான் சொன்னது பொய் என்று சொல்ல எனக்குக் கூச்சம். அவ்வளவுதான்.

எட்டு நாள் கழித்து, மனது உறுத்தி, கரியமாணிக்கம் போனேன். தாய்மாமன் களத்தில் நெல் தூற்றிக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். அவர் கோபப்படவே இல்லை.

"நான் டீக்கடையில கேட்டேன், தங்கமான பொண்ணுன்னாங்க. சைக்கிள் கடையிலயும் அதான் சொன்னாங்க. உன் மைக்கையும் நான் பெருசா எடுத்துக்கல, சினிமாதானேன்னு. அதனாலதான் எழுந்து வந்து உன்னக் கேட்டேன். நீ இன்னா சொன்ன?"

முறத்தை இறக்கி வைத்துவிட்டு அவரே தொடர்ந்தார்.

"முந்தாநாள் பையனுக்கு வேற எடத்துல தாம்பூலம் மாத்திட்டோம். ஒரு நாலு நாள் முன்னாடி வந்திருந்தா நானே அந்தப் பொண்ணு வூட்டுக்கு வந்திருப்பேன். போ தம்பி."

திரும்பி வந்து டீச்சரிடம் நடந்ததை எல்லாம் சொன்னேன். பால்வாடி வாசலில் குழந்தைகளுக்குக் கை கழுவ ஊற்றிக்கொண்டிருந்தார். செம்பைக் கீழே வைக்காமலே கேட்டார்:

"ஒருத்தர் நேருக்கு நேரா வந்து கேட்டப்போ, இல்லன்னு சொல்ல எவ்ளோ நேரம்ணே ஆவும்?"

4. மறுபடியும் மைக்

அன்று சாயங்காலம் முதல் ஆட்டத்துக்கு முன்னால், முதலாளியைக் கேட்காமல் மைக்கை எடுத்தேன். "அன்னிக்கு இங்கிலீஷ் படத்துல வசந்தா டீச்சரைப் பத்தி நான் சொன்னது அத்தனையும் பொய். அவங்க மேல ஒரு தப்பும் இல்ல. தப்பு என்னுது" என்றேன்.

பெயரைச் சொன்னவுடனேயே சிரிக்க ஆரம்பித்துவிட்டார்கள். மறுபடியும் சொன்னேன். இன்னும் பலமாகச் சிரித்தார்கள். தரை டிக்கெட்டிலிருந்து ஒருவன், "அந்த லாட்ஜ் கதையச் சொல்லுபா" என்று கத்தினான். அழுகையில் என் குரல் உடைந்தது. அதையும் நடிப்பு என்று நினைத்துக் கை தட்டினார்கள்.

அடுத்த மாதம் டீச்சர் வில்லியனூர் பக்கம் மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டார். அதற்குப் பிறகு அவரை நான் பார்க்கவில்லை. பார்க்க முயற்சி செய்யவும் இல்லை.

மைக் பிடிக்கிற வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். உயிரோடு இருக்கிறவர் பெயரைச் சிரிப்புக்கு எடுக்காதீர்கள். வாய் தவறி எடுத்துவிட்டால், யாராவது பக்கத்தில் வந்து நிஜமா என்று கேட்கும்போதாவது உண்மையைச் சொல்லிவிடுங்கள். எனக்கு அந்த வாய்ப்பு கிடைத்தது. நான் கேபினைச் சுற்றி நின்ற பையன்கள் முகத்தைப் பார்த்தேன்.