மஞ்சள் கல்லின் பெயர்

யாராவது ஊதா விளக்கைக் கையில் எடுத்தால் ஒத்தீலியா எழுந்து உள்ளே போய்விடுவாள். பாலைவனத்துச் சுரங்க ஊரான மப்பிமியில் கல் விற்கிற வீடுகளில் எல்லாம் அந்தக் கைவிளக்கு உண்டு. இருட்டில் அதைப் பிடித்தால் சில கற்கள் ஒளிரும், சில சும்மா கிடக்கும். வெளியூர்க்காரர்கள் அதைப் பார்த்துத்தான் பேரம் தொடங்குவார்கள். அதற்குள் அவள் படுக்கையறை ஜன்னலில் இருக்கும் மஞ்சள் கல்லின்மேல் ஒரு கைக்குட்டையைப் போட்டுவிட்டு வந்திருப்பாள். அவள் கணவன் நசாரியோ இதைக் கவனித்ததே இல்லை.

அந்தக் கல் அவன் சுரங்கத்தில் கண்டெடுத்து நிச்சயதார்த்தத்தில் மோதிரத்துக்குப் பதிலாகக் கொடுத்தது. துருப்பிடித்த நிறத்தில் ஒரு பாறைத்துண்டு, அதன்மேல் விசிறி விசிறியாக மஞ்சள் ஊசிகள். லெக்ராண்டைட் என்றான். இந்தச் சுரங்கத்தில் அதைவிட அரிய கல் இல்லை. லெக்ராண்டைட் கொடுத்துப் பெண் கட்டியவன் என்று ஊரில் அவனுக்கு ஒரு பெயரே நின்றுவிட்டது. அந்தக் காலத்துச் சுரங்க ஆட்களின் கணக்கு சுலபம். பச்சையாக இருந்தால் சாதாரண அடமைட், மஞ்சளாக இருந்தால் லெக்ராண்டைட்.

ஒத்தீலியா ஆறாம் வகுப்போடு நின்றவள், அதிகம் பேசமாட்டாள். ஆனால் சுரங்கத்துக்குப் போகும் தொங்குபாலத்து ஓரத்தில் கல் விற்க மேஜை போட்டு உட்கார்ந்து, கற்களைத் துடைத்துத் துடைத்துப் பழகிய கை. மஞ்சளிலும் அடமைட் உண்டு என்பது அவளுக்குத் தெரிந்து வெகுகாலம் ஆகிறது. விளக்குக்கு அடியில் அடமைட் பச்சையாக எரியும், லெக்ராண்டைட் எரியாது. தன் கல்லை மட்டும் அவள் சோதித்துப் பார்க்கவில்லை. அவளுக்குக் கல் எதுவாயிருந்தாலும் ஒன்றுதான். அவன் முகம் வாடுவதைத்தான் பார்க்க முடியாது.

இந்தக் கோடையில் எர்மெலிந்தா டீச்சர் பழைய பள்ளிக்கூடத்தில் ஓர் அறையை ஊர்க் கற்களுக்கென்று ஒதுக்கினார். கல்லோடு கண்டெடுத்தவன் பெயரும் இருக்கும். நசாரியோ முடிவெட்டும் கடையில் உட்கார்ந்தபடியே தன் மஞ்சள் கல்லைத் தருவதாக வாக்குக் கொடுத்துவிட்டான். வீட்டுக்கு வந்துதான் மீதியைச் சொன்னான்.

"தெறப்பு விழா அன்னிக்கு ஜன்னலெல்லாம் சாத்திட்டு ஒவ்வொரு கல்லா விளக்கடிச்சுக் காட்டப் போறாங்களாம். ஊரே வருது, கிழவி."

ஒத்தீலியா கையிலிருந்த சோள மாவை அப்படியே வைத்தாள்.

"கிழவா, குடுக்கறதுக்கு முன்னாடி நாம ஒருதரம் பாத்துருவோமா?"

"எதுக்கு?"

"சும்மாதான்."

நண்பகல் வெயிலில் வீட்டில் இருட்டு ஏது? கட்டிலில் கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டு, இரண்டு பேரும் தலையை உள்ளே விட்டார்கள். அவள் விளக்கை அழுத்தினாள். கல் எலுமிச்சம்பச்சையாகப் பற்றி எரிந்தது. அவன் மூக்கு, அவள் விரல் எல்லாம் பச்சை.

அவன் கல்லை ஒருமுறை திருப்பிப் பார்த்தான்.

"அடமைட்டு" என்றான் நசாரியோ.

"ஆமா."

"உனக்குத் தெரியுமா?"

"சந்தேகம் இருந்துச்சு."

"எப்பலேர்ந்து?"

"மூத்தவன் பொறந்ததுலேர்ந்து."

அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டுக் கிரெசென்சியா ரொட்டிக்கல் கேட்டு உள்ளே வந்துவிட்டாள். "ஐயையே, பட்டப்பகல்ல என்னக்கா இது" என்றாள். கம்பளிக்குள்ளிருந்து ஒத்தீலியாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. நசாரியோ சிரிக்கவில்லை. கல் உடைஞ்சுபோச்சுன்னு சொல்லிடலாம் என்றான் மாலையில். மறுநாள் காலையில் ஒத்தீலியா கல்லைத் துணியில் சுற்றிக்கொண்டு தானே பள்ளிக்கூடத்துக்குப் போனாள்.

"அடமைட்டுன்னு எழுதுங்க டீச்சர்" என்றாள் தரையைப் பார்த்தபடி. "கண்டெடுத்தது நசாரியோ. அதை மட்டும் பெரிசா எழுதுங்க."

விழாவில் விளக்கு கல்லின்மேல் பட்டதும் அறை முழுக்கச் சலசலப்பு. கிரெசென்சியாதான் முதலில் வாயைத் திறந்தாள். "என்ன நசாரியோ அண்ணே, கல்யாணக் கல்லே டூப்ளிகேட்டா?"

அவன் காது சிவந்தது. டீச்சர் குறுக்கே வந்தார். "ரெண்டும் ஒரே குடும்பம்தாங்க, ஆர்சனேட். அதே துத்தநாகம், அதே ஆர்சனிக். லெக்ராண்டைட்டுக்குள்ள கொஞ்சம் தண்ணி சேந்திருக்கும், அடமைட்டுல அந்தத் தண்ணி இல்ல. வித்தியாசம் அவ்வளவுதான்."

நசாரியோ கொஞ்சம் யோசித்தான். "இந்தப் பாலைவனத்துல அவ்வளவு வருஷம் கெடந்தா எந்தக் கல்லுக்குத்தான் தண்ணி மிஞ்சும்?" என்றான்.

எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். கதவோரம் நின்றிருந்த ஒத்தீலியா அதைப் பார்த்துவிட்டுத்தான் மூச்சு விட்டாள்.

இப்போது அந்தக் கல் ஆர்சனேட் அலமாரியில், தண்ணீர் இல்லாதவற்றின் வரிசையில் இருக்கிறது. அடமைட், கண்டெடுத்தவர் நசாரியோ என்று சீட்டில் இருக்கிறது. மேல் வரிசையில் லெக்ராண்டைட்டுக்கு விட்ட இடம் இன்னும் காலிதான்.