நாலரை மணிக்கு ஒரு பூட்டிய கதவு

பத்திரிகை வேலையை விட்டுவிட்டு நாய்களின் நடத்தையைப் படிக்கப் போகிறேன் என்று சொன்னபோது, பதுளையில் கடை வைத்திருக்கும் அண்ணன் சிரிக்கவில்லை. ஒரு வருடம் பார்ப்போம், சரிவராவிட்டால் கடைக்கே வந்துவிடு என்றார். ஒரு வருடத்தில் ஒரு பயிற்சியைத்தான் தொடங்க முடியும். மூன்று இடங்களின் விவரங்களை மேசையில் வைத்துக்கொண்டு இரண்டு வாரம் உட்கார்ந்திருந்தேன். மூன்றும் தங்களையே புகழ்ந்துகொண்டன. அப்போதுதான் பழைய வழக்கம் கைகொடுத்தது: மூவரிடமும் ஒரே கேள்வியைக் கேட்பது.

கேள்வி ஏற்கெனவே கையில் இருந்தது. லுணுகலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், கொழுந்து பறிக்கும் ஒரு அக்கா வளர்த்த நாய். அவருடைய கணவர் இறந்த பிறகு, அவர் லயத்து வரிசை வீடுகளின் ஒரு முனையில் இருந்த தங்கள் காம்பராவைப் பூட்டிவிட்டு, மறுமுனையில் தம்பி வீட்டில் இருந்தார். நாய் தினமும் மாலை நாலரைக்குப் பூட்டிய கதவின் முன் போய் நிற்கும். காதைத் தூக்கி, வாலை மெதுவாக ஆட்டும். பிறகு யாரோ உள்ளே போக வழிவிடுவதுபோல் ஒதுங்கிக்கொள்ளும். கணவர் மலையிலிருந்து வேலை முடிந்து வரும் நேரம் அது.

ஐந்து மாலை எதிர்ப்பக்கம் உட்கார்ந்து குறிப்பெடுத்தேன். நாலு இருபத்தெட்டு, நாலு முப்பத்தொன்று, நாலு முப்பது. மூடுபனி இறங்கும் நேரம். நாய் ஒதுங்கும் அந்தக் கணத்தில் என் பேனா ஒவ்வொரு நாளும் நின்றது. ஐந்தாம் நாள், கதவுக்கு முன்னால் எதுவும் இல்லை என்று எழுதினேன்; அதை ஏன் எழுதினேன் என்று எனக்கே தெரியவில்லை.

லயத்தில் யாரும் அந்த முனைக்குப் போவதில்லை. அங்கே இருந்த தண்ணீர்ப் பீலியை விட்டுவிட்டு, தண்ணீருக்குக் கீழ் லயம்வரை நடந்தார்கள். தோட்டத் தலைவர் முதலில் என்னைக் கிண்டல் செய்தார்.

“எங்க புள்ளைங்களுக்குப் பாடம் சொல்ல வாத்தியார் இல்ல. நாய்க்குப் படிச்சவங்க வந்திருக்கீங்க.”

பிறகு குரலைத் தாழ்த்தினார். “ஞாயித்துக்கெழம வரைக்கும் பாப்போம் மிஸ். அதுக்குப் பொறகு லொறியில ஏத்தி எங்கயாவது தூரமா விட்டுருவோம். பாவந்தான். பொம்பளைங்க பயப்படுறாங்க.”

அன்றிரவே மூன்று இடங்களுக்கும் எழுதினேன். கொழும்புக்கு அருகே தங்கிப் படிக்கும் பயிற்சியை நடத்தியவர், நாயை ஏழு நாள் தன்னிடம் விடச் சொன்னார்; கழுத்துச் சங்கிலியை எப்படிச் சுண்ட வேண்டும் என்று ஒரு காணொளியும் வந்தது. இணையவழிப் பயிற்சி ஒரு மணி நேரத்தில் ஒரு நோயின் பெயரைச் சொன்னது. கூடவே, என் பெயர் அச்சிட்ட மாதிரிச் சான்றிதழ். மூன்றாவது இடத்தில் படிப்பு இரண்டு வருடம். அங்கிருந்து இரண்டு நாள் பதிலே இல்லை. வெள்ளிக்கிழமை காலை ஒரு பெண் அழைத்து, கேள்விகள் மட்டும் கேட்டார். நாயின் கண்ணையும் காதையும் மிருக வைத்தியர் பார்த்தாரா? ஒதுங்கிய பிறகு அது எங்கே போகிறது? நான் உட்கார்ந்த இடத்திலிருந்து எந்தப் பக்கம் தெரியவில்லை?

தெரியாத பக்கம் பின்பக்கம். ஐந்து நாளும், லயத்து ஆட்களைப் போலவே, நானும் கதவை மட்டுமே பார்த்திருந்தேன்.

அன்று மாலை வடிகால் கானைத் தாண்டி, காம்பராவின் பின்னால் போய் நின்றேன். கொழுந்தை எடை நிறுத்துவிட்டு வந்த அக்கா, தேயிலைக்குள்ளிருந்து இறங்கிப் பின்கதவைத் திறந்தார். கொண்டி சத்தமிட்டது. ஒரு தட்டில் ரொட்டியும் சம்பலும், பக்கத்தில் ஒரு கோப்பை வெறுந்தேநீரும் வைத்தார். கொஞ்ச நேரம் வெறுமனே நின்றார். அதற்குள் நாய் முன்பக்கத்திலிருந்து சுற்றிக்கொண்டு வந்துவிட்டது. அது ஒதுங்கியது யாருக்கும் வழிவிட அல்ல. கொண்டிச் சத்தம் கேட்டுத்தான்.

என்னைக் கண்டதும் அவர் தட்டை முந்தானையால் மூடினார்.

“சொல்லிராதீங்க மிஸ். கருமாதிக்குப் பொறகும் சோறு வச்சா, போற உசிரக் கட்டி வைக்கிறதுன்னு சொல்லுவாங்க. லயத்துல யாருக்குக் காச்சல் வந்தாலும் என்னத்தான் கேப்பாங்க.”

“சொல்லலன்னா நாயக் கொண்டு போயிருவாங்க அக்கா.”

அவர் நாயைப் பார்த்தார். அது முந்தானையை மூக்கால் விலக்கி, அவசரமில்லாமல் தின்றுகொண்டிருந்தது. “என்ன செய்யணும், சொல்லுங்க” என்றார்.

தொலைபேசியில் பேசிய பெண்ணை அன்றிரவே திரும்ப அழைத்தேன். அவர் சொன்ன வழி எளிமையானது. நாலேகாலுக்கே, மறுமுனையில் தம்பி வீட்டு அடுப்படியில் நாய்க்குச் சாப்பாடு. அந்த நேரத்தில் பழைய காம்பராவின் கொண்டியை யாரும் தொடக் கூடாது. அப்படியென்றால் தட்டும் இல்லை, தேநீரும் இல்லை. அக்காவுக்கு அது புரிந்தது. சாவியை என் கையில் கொடுத்தார். கொழுந்து நிறுத்துவிட்டு அவர் வருவதற்கு முன்பே நாய்க்குச் சாப்பாடு வைக்கும் வேலையைத் தம்பி மனைவி ஏற்றுக்கொண்டார்.

தலைவரிடம், அந்த நேரத்தில் அங்கே சாப்பிட்டுப் பழகிய நாய் என்று மட்டும் சொன்னேன். யார் போட்டது என்று கேட்டார். செய்தி தந்தவரின் பெயரைச் சொல்லாமலிருப்பது எனக்குப் பழகிய வேலை. இன்னும் ஒரு வாரம் அவகாசம் கேட்டு வாங்கினேன். சனிக்கிழமையும் ஞாயிற்றுக்கிழமையும் நாய் அடுப்படியில் தின்றுவிட்டு, பிறகும் கதவுவரை போய்வந்தது. புதன்கிழமை பாதி வழியில் திரும்பியது. அடுத்த ஞாயிறு அடுப்படியிலிருந்து எழுந்து போகவே இல்லை. லொறி வரவில்லை. ஒரு பெண் பீலியில் குடத்தை வைத்தாள்; பிறகு மற்றவர்களும் வந்தார்கள்.

அந்த இரண்டு வருடப் படிப்புக்கே விண்ணப்பித்தேன். அனுமதிக்கு ஒரு நாயைப் பற்றிய முழு அறிக்கை கேட்டார்கள். கடைசித் தகவலுக்காக, ஒரு மாதம் கழித்துத் தோட்டத்துக்குப் போனேன். மணி நாலரை. நாய் அடுப்படிச் சாம்பலருகே படுத்துக் கிடந்தது. அக்கா பழைய காம்பராவின் எதிரே, முன்பு நான் உட்கார்ந்திருந்த கல்லில், கொழுந்துக் கூடையை இறக்கிவைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார்.

ஏன் இங்கே என்று கேட்டேன்.

“தேயிலைக்குள்ள இருந்தே பாப்பேன். அது வாலாட்டுனா அவரு வந்துட்டாருன்னு தெரியும் மிஸ்” என்றார். “இப்ப அது வாறதில்ல. வாறாரா இல்லையான்னு நாந்தான் பாக்கணும்.”

பனி கூரைவரை இறங்கியிருந்தது. அவர் தள்ளி உட்கார்ந்து எனக்கு இடம் கொடுத்தார். ஐந்து மணிவரை இருவரும் அங்கேயே இருந்தோம். கதவிலிருந்து நானும் கண்ணை எடுக்கவில்லை.