எந்தப் பஞ்சு?

இன்று காலை பழைய தலையணை ஒன்று தையல் விட்டு, இலவம் பஞ்சு மூக்கில் ஏறியது. தும்மலோடு பழைய எரிச்சலும் வந்தது.

எனக்கு அப்போது பதின்மூன்று வயது. ஐயா என்று நாங்கள் கூப்பிடும் அப்பாவுக்கு யாழ்ப்பாணத்திலிருந்து குளிர் நடுக்கும் நுவரெலியாவுக்கு வேலை மாற்றம் வந்திருந்தது. இரண்டு துணிகளுக்கு நடுவே பஞ்சு வைத்து, மெசினில் பூப்பூவாகத் தைத்துப் போர்வை தருவதாக வாயை விட்டுவிட்டேன். "நடுவிலை பஞ்சு வை" என்ற தையல் ரீச்சர் எந்தப் பஞ்சு என்று சொல்லவில்லை. எங்கள் வீட்டில் பஞ்சு என்றால் வளவில் நின்ற இலவ மரத்துப் பஞ்சுதான்.

பூவுக்காகத் துணியை வளைத்துத் திருப்பும்போதெல்லாம் பஞ்சு ஊசிக்கு முன்னால் வழுக்கி ஓடி, மூலையில் கட்டியாகத் திரண்டது. நூல் அறுந்தது. மூன்று தரம் பிரித்துத் தைத்தேன். அம்மாவின் தலையெல்லாம் பஞ்சு.

பார்க்க வந்த மாமி சிரித்தார். "உதுக்குப் பருத்திப் பஞ்செல்லோ வைக்கோணும், பிள்ளை!"

"உதை முதலே சொல்லியிருக்கலாமெல்லே, மாமி!" என்று கத்திவிட்டு அழுதேன். மறுநாள் ஐயா ரயிலேற வேண்டும். வேறு வழியில்லாமல் அதையே கொடுத்துவிட்டேன்.

முதல் கடிதத்தில் எழுதியிருந்தார்: "பிள்ளை, பஞ்சு முழுவதும் கால்மாட்டுக்கு இறங்கிவிட்டது. கால் மட்டும் யாழ்ப்பாணத்தில் இருக்கிறது. மற்றதெல்லாம் நுவரெலியாவில்."

வீடே சிரித்தது. தலையணையைத் தைத்து மூடும் இந்த நேரத்திலும் எனக்குச் சிரிப்பு வரவில்லை.