தெருவே தறியை நிறுத்திய பத்து நிமிடம்

போன வருஷம் பொங்கல் முடிந்த வாரம். ஆந்திர எல்லையில், நகரியில் எங்கள் வீட்டு மொட்டை மாடி. காலை பதினோரு மணி இருக்கும்.

நாலு விசைத்தறி ஓட்டிப் பிழைப்பவன் நான். தறி நேரம் போக எனக்கு இருக்கும் ஒரே பைத்தியம் சிற்றலை ரேடியோ. பாட்டோ செய்தியோ கேட்க அல்ல. கடல்மேல் பறக்கும் விமானிகள் தரையோடு பேசுவது, கப்பல்களுக்குச் சொல்லும் வானிலை, இவைதான் எனக்கு விருந்து. "ஊரான் பேசறத ஒட்டுக் கேக்கற பொழப்பு" என்பாள் மனைவி. திருப்பதியில் அந்தப் பழைய ரேடியோவை வாங்கி வந்தபோது ரெண்டு நாள் என்னோடு பேசவில்லை.

அன்றைக்கு எங்கள் மகள் முதன்முதலாக விமானம் ஏறினாள். சிங்கப்பூரில் வேலை. அம்மா வந்தால் அழுது ஏர்போர்ட்டையே கூட்டிவிடுவாள் என்று மகளே தடுத்துவிட்டதால், என் மச்சான் மட்டும் சென்னைக்குப் போயிருந்தார். மனைவி போனில் விமானத்தின் புள்ளி நகர்வதையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடலுக்குமேல் கொஞ்ச தூரம் போனதும் புள்ளி மறைந்துவிட்டது.

"இன்னாங்க, புள்ளிய காணோம்." அவள் குரல் உடைந்துவிட்டது.

நடுக்கடலில் அப்படித்தான் மறையும். சொன்னால் கேட்கிற நிலையில் அவள் இல்லை. அங்கே போனதும் விமானிகள் சிற்றலையில் சென்னையைக் கூப்பிடுவார்கள் என்பதால் ரேடியோவைத் திருப்பினேன். வெறும் கரகரப்பு. தெருவில் அத்தனை தறி ஓடும்போது மோட்டார் இரைச்சலெல்லாம் ரேடியோவுக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். என் தறிகளை நிறுத்தியும் பயனில்லை.

"எதிர் வூட்ல நிறுத்தச் சொல்லுங்க."

எந்த முகத்தோடு கேட்பேன்? ஆறு மாதம் முன்பு எதிர் வீட்டுக்காரர், மகனுக்கு ஆன்லைனில் இன்டர்வியூ, ஒரு மணி நேரம் தறியை நிறுத்துங்கள் என்று என் வாசலில் வந்து நின்றார். அவசர ஆர்டர் என்று பொய் சொல்லி அனுப்பியவன் நான். மனைவி என்னை ஒரு பார்வை பார்த்தாள். போனைப் பிடித்தபடி படியிறங்கி ஓடினாள்.

முதலில் எதிர் வீட்டுத் தறிதான் நின்றது. அவரே வீடு வீடாக நுழைந்து சொல்வதை மாடியிலிருந்து பார்த்தேன். ஒவ்வொன்றாக அடங்கித் தெருவே ஓய்ந்தது. எங்கோ காக்கை கத்துவதுகூடக் கேட்டது. கரகரப்பும் வடிந்தது.

மனைவியும் அவரும் மூச்சிரைக்க மேலே வந்து ரேடியோ பக்கத்தில் உட்கார்ந்தார்கள். யார் யாரோ விமானிகள் பேசினார்கள். மகள் போகும் விமானம் இது இல்லை, இது இல்லை என்று நான் தலையாட்டிக்கொண்டே இருந்தேன். அப்புறம் ஒரு பெண் விமானியின் குரல். நிதானமாக, டிக்கெட்டில் இருந்த அதே எண்ணைச் சொன்னார், பறக்கும் உயரத்தைச் சொன்னார். சென்னை பதில் சொன்னது. அவ்வளவுதான். மனைவிக்கு ஆங்கிலம் தெரியாது, அந்த எண் தெரியும். என் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், அழுதாள். எனக்கும் அடக்க முடியவில்லை.

கீழே இறங்கினால், வாசலில் பின்தெருக்காரர்கள் இரண்டு பேர் மாலையோடு நிற்கிறார்கள். எங்கள் ஊரில் ஒரு தெருத் தறியெல்லாம் பகலில் சேர்ந்து நின்றால், அங்கே சாவு விழுந்திருக்கிறது என்று அர்த்தம்.

"ஏமாயிந்தி? யாருக்கு இன்னா ஆச்சு?"

"யாருக்கும் ஒண்ணும் ஆவல. எம் பொண்ணு பிளேன்ல போய்க்கினு கீறா. இப்பதான் ரேடியோல கேட்டோம்" என்றாள் மனைவி.

ஒருவர் மாலையை மெல்ல முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார். தெருவே சிரித்தது. மனைவி எல்லோருக்கும் காபி போட்டுக் கொடுத்தாள்.

எதிர் வீட்டுக்காரரிடம் என் பழைய பொய்யைச் சொல்லிவிட்டேன்.

"அப்பவே தெரியும்ணா. மறுநாள் பூரா உங்க தறி சும்மாதான நின்னுகினு இருந்துச்சு? அதுக்குன்னு பொண்ணு மேலயா கோவத்தக் காட்டுவாங்க?" என்று சொல்லி டம்ளரை வைத்துவிட்டுத் தறி ஓட்டப் போய்விட்டார்.

இப்போது சாயங்காலமானால் மனைவியே ரேடியோவைப் போடச் சொல்கிறாள். நடுக்கடலில் பேசுகிறவர்களின் குரல் தெளிவாக விழும்போதெல்லாம், என் வாசலில் நின்று பேசிய மனிதரின் குரல் அன்றைக்கு என் காதில் ஏறவில்லையே என்ற வெட்கமும் சேர்ந்தே வருகிறது. அந்த வெட்கம் இருக்கட்டும், எனக்கு நல்லதுதான்.